மாதலேனின் தூரம்

துப்பாக்கி வாங்குவது என்பது முடிவாகிவிட்டது. எந்தக் குண்டளவில் வாங்குவது என்பதில்தான் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது.

விலை கொடுக்கப்போவது பெயோ. சுடப்போவது அவன் மனைவி மாதலேன். இரண்டு வருஷமாகப் பெயோவின் வலது கை நடுங்குகிறது. முதலில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல ஆடின. பிறகு மணிக்கட்டும் சேர்ந்துகொண்டது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைப் பெயோ ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. குளிர் என்பான். ஜூலை மாத வெயிலிலும் அது குளிர்தான்.

அந்த வசந்தத்தில் கொயோட்டி நரியைக் குறிவைத்துச் சுட்ட ஒவ்வொரு முறையும் அவன் மண்ணைத்தான் சுட்டான். கடைசி முறை மண் கிளம்பிய இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. பெயோ துப்பாக்கியை வண்டியின் பின்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினான். வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, “இனிமே நீ சுடு” என்றான். மாதலேன் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இறங்கிப் போய்த் தொழுவத்துக் கதவைத் திறந்தாள்.

பௌடர் ஆற்றுக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், அவர்களுடைய புல்வெளி. மே மாதம் ஆடுகள் குட்டி போடும் காலம். வீட்டுக்குக் கீழே அகலமான பள்ளத்தாக்கில் சினையாடுகளை விட்டிருப்பார்கள். ஈன்ற ஆடு ஈன்ற இடத்திலேயே குட்டியோடு நிற்கும். ஈனாதவற்றை மட்டும் காலையில் மெல்ல, சருகு நகர்வதுபோல, முன்னே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். கத்தக் கூடாது. ஓடக் கூடாது. குதிரையில் போனாலும் அது நடந்துதான் போகவேண்டும். குட்டி விழுந்த முதல் சில மணி நேரத்தில்தான் தாய் அதை நக்கி, முகர்ந்து, தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த நேரம் கலைந்தால் பிறகு பிடித்துவைத்துப் பால் கொடுக்க வைத்தாலும் உதைத்துத் தள்ளும்.

காவலுக்குப் பெரிய வெள்ளை நாய் ஒன்று இருந்தது. ஆனால் நரிகள் ஜோடியாக வந்தன. ஒன்று மேட்டில் நின்று நாயைச் சீண்டி இழுத்துக்கொண்டு போகும். நாய் வீரத்தோடு துரத்திக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் மற்றது பள்ளத்தில் இறங்கிக் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும். நாக்கைத் தொங்கவிட்டபடி நாய் திரும்பி வந்து, விரட்டிவிட்டேன் என்று வாலாட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெயோவின் அண்ணன் கிராசியன் வந்திருந்தான். பக்கத்துப் புல்வெளி அவனுடையது. தொத்திறைச்சி போட்ட பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் இருந்தால் எங்கிருந்தாலும் அவனுக்கு வாசனை போய்விடும்.

“புதுசு எதுக்கு? பழைய முப்பது-முப்பது துப்பாக்கி இருக்குல்ல” என்றான் கிராசியன், ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் அழுத்தியபடி. “அப்பா சுட்டாரு. நீ சுட்ட. மாதலேன் தொட்டா மட்டும் சுடமாட்டேன்னு அழுமா?”

“அது மெதுவாப் போற குண்டு. தூரம் போகப்போகத் தாழ்ந்துரும். எவ்வளவு மேல தூக்கிப் பிடிக்கணுங்கறது என் கைக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?”

“உன் கைக்கு இப்பவும் தெரியுமாக்கும்.”

பெயோ வலது கையை மேசைக்குக் கீழே எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

“சரி, கோவிச்சுக்காத. என்னதான் வாங்கப்போற?”

“இருநூத்தி நாப்பத்திமூணு. முந்நூறு கஜம்வரைக்கும் கோடு போட்டாப்ல போகும். குறி வச்ச எடத்துல சுட்டாப் போதும், கணக்கு வேண்டாம்.”

“லீவர் துப்பாக்கியில அது வருதா?”

“வருது. அடியில தோட்டாப் பெட்டி வச்சது. பழசு மாதிரி குழாய்க்குள்ள தோட்டாவை வரிசையாத் தள்ற துப்பாக்கின்னா முனை மழுங்கின குண்டுதான் போடணும். கூர்முனை முன்னாடி இருக்கற தோட்டாவோட அடிய இடிச்சுச்சுன்னா குழாய்க்குள்ளயே வெடிச்சுரும்.”

“போல்ட் துப்பாக்கியா வாங்கித் தொலையேன். வேலையும் சுத்தம், விலையும் கம்மி.”

“அவ இடதுகைக்காரிடா கிழவா. போல்ட்டோட பிடி வலப்பக்கம் இருக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கிய இறக்கி, கையச் சுத்திக் கொண்டுபோய் இழுக்கணும். அதுக்குள்ள நரி கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்திரும். லீவர்னா வளையத்தக் கீழ தள்ளு, மேல இழு, அடுத்தது தயார். எந்தக் கையா இருந்தா என்ன.”

மாதலேன் அடுப்புப் பக்கம் கீழே உட்கார்ந்து, அட்டைப் பெட்டியில் கிடந்த குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.

“உன்கிட்ட கேட்டா நீ பதில் சொல்றதுக்குள்ள அடுத்த வருஷக் குட்டி வந்துரும்” என்றான் கிராசியன். “நீயே சொல்லு, உனக்கு எது வேணும்?”

அவள் குட்டியின் தொண்டையைத் தடவி, பால் இறங்குகிறதா என்று பார்த்தாள். “சூப் ஆறுது, சாப்பிடுங்க” என்றாள்.

பெயோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய மௌனத்தை அவன் அப்படித்தான் படித்துவந்தான். குறைவாகப் பேசுகிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் அவரவர் மௌனத்துக்கு மற்றவர் அர்த்தம் வைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறாக இருக்கும் இடம் தெரியவரும்போது அந்தத் தவறுக்கும் வயதாகியிருக்கும்.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஹார்லன் பேசுவதற்கென்றே கடை வைத்தவன். மூன்று லீவர் துப்பாக்கிகளைக் கம்பளத் துண்டின்மேல் வரிசையாக வைத்தான்.

“இது பதினேழு. ஊசி மாதிரி போகும். தரை அணிலுக்கு இதவிட நல்லது கிடையாது. ஆனா நம்ம ஊருக் காத்துல சுட்டா குண்டு பக்கத்து மாவட்டத்துல போய் விழும். இது இருபத்திரண்டு மேக்னம். சின்னது. நூறு கஜத்துக்குள்ள நரிக்குப் போதும், தோளுக்குப் பின்னால சரியா வச்சாத்தான். இது நீ கேட்ட இருநூத்தி நாப்பத்திமூணு. இத வச்சா நரியும் போகும், நரிக்குப் பின்னாடி நிக்கற மலையும் போகும்.”

மாதலேன் ஒவ்வொன்றாக எடுத்து இடது தோளில் பொருத்திப் பார்த்தாள். வளையத்தைத் தள்ளி இழுத்தாள். கடைக் கண்ணாடிக்கு வெளியே காற்றில் உருண்டுபோன காகிதக் கோப்பையைத் தொடர்ந்தாள்.

“எவ்வளவு தூரத்துல சுடுவீங்க?” என்று ஹார்லன் அவளைக் கேட்டான்.

“முந்நூறு” என்றான் பெயோ.

“எண்பது” என்றாள் மாதலேன்.

ஹார்லன் இருவரையும் பார்த்தான். பெயோ சிரித்தான். “எண்பது கஜத்துல நரி வந்து நிக்கணும்னா அதுக்குப் பத்திரிகை அடிச்சு அனுப்பணும்.”

“இதுல எதுக்குச் சத்தம் கம்மி?” என்று அவள் கேட்டாள்.

“மேக்னத்துக்குத்தான். ஆனா சத்தம் ஒரு பிரச்சினையே இல்லம்மா. காதுல அடைப்பான் வச்சுக்கலாம், நானே இனாமாத் தரேன்.”

“என் காதுக்காகக் கேக்கல.”

யாருடைய காதுக்காக என்று பெயோ கேட்டிருக்கலாம். அவன் ஏற்கெனவே நாற்பத்திமூன்றைக் கையில் எடுத்து, அதன் குழலின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். அதைத் தோளில் வைத்தபோது பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து மேடு அவனுக்குத் தெரிந்தது. நரி அங்கே உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. குழல் முனை மட்டும் கொஞ்சம் ஆடியது. கடையில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாற்பத்திமூன்றையே வாங்கினார்கள். வீடுவரை தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாதலேன் சன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் மழை நன்றாக இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறாள் என்று பெயோ நினைத்துக்கொண்டான்.

அந்த வாரத்திலேயே நரி வந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புல்லில் உறைபனி. மூக்கிலிருந்து புகை கிளம்ப ஆடுகள் அங்கங்கே படுத்திருந்தன. இரவில் ஈன்றவை நிறைய. ரத்தமும் நீரும் காயாத குட்டிகள் மடியைத் தேடி முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தன. வண்டியின் முன்மூடிமேல் மடித்த கோட்டைப் போட்டு, அதில் துப்பாக்கியைத் தாங்கி மாதலேன் நின்றாள். பக்கத்தில் பெயோ தொலைநோக்கியோடு, முழங்கைகளை இரும்பில் ஊன்றி நின்றான்.

“மேல. கல்லுக்கு இடப்பக்கம்” என்றான் மெதுவாக. “நாய் அந்தப் பக்கம் போயிருச்சு. இது ரெண்டாவது. வருது பாரு, இறங்குது. எரநூத்தம்பது இருக்கும். நில்லு, நிக்கட்டும். நின்னுருச்சு. சுடு.”

அவள் கன்னம் துப்பாக்கியின் கட்டையில் பதிந்திருந்தது. விரல் விசைமேல் இருந்தது.

“மாதி, நிக்குது. சுடு.”

நரி மறுபடி நடந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் அவசரமில்லாததுபோல ஆடுகளின் ஓரமாக வந்தது. தனியாகப் படுத்திருந்த குட்டி ஒன்றைக் கழுத்தில் கவ்வியது. தாய் எழுந்து காலைத் தரையில் அறைந்தது. அதற்குள் நரி கல்லைத் தாண்டிவிட்டது. மாதலேன் துப்பாக்கியை இறக்கி, வளையத்தைத் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

பெயோ தொலைநோக்கியைக் கீழே இறக்கினான். “ஏன்?” என்றான். “தோட்டா மாட்டிக்கிச்சா? பயந்துட்டியா?”

“இல்ல.”

“குறி கிடைக்கலையா?”

“கிடைச்சுது. நல்லாவே கிடைச்சுது.”

“அப்புறம் என்ன எழவுக்கு நின்ன? ஒரு குட்டி போச்சு.”

“ஒண்ணுதான் போச்சு” என்றாள் மாதலேன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டியை இழந்த ஆடு மட்டும் கத்திக்கொண்டு சுற்றியது. மற்றவை படுத்த இடத்தில் படுத்திருந்தன.

“போன வருஷம் இதே எடத்துல ஒரு நரியச் சுட்டியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்காதா பின்ன. எரநூறு கஜம், ஓட்டத்துல.”

“நல்ல சூடு. நீ அதைத் தூக்கிட்டுப் போய் ரோட்டோர வேலியில தொங்கவிட்ட. கிராசியன் வந்தான், அவன் சம்சாரம் வந்தா, தபால்காரன்கூட வண்டிய நிறுத்திப் பாத்தான். நீ அவங்களோட நின்னுட்டிருந்த. நான் இங்க நின்னுட்டிருந்தேன்.”

அவன் ரோட்டோர வேலியைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்தச் சத்தத்துக்கு மொத்த ஆடும் எழுந்து ஆத்துப் பக்கம் ஓடிருச்சு பெயோ. ஈரம் காயாத குட்டியெல்லாம் இங்க. தாயெல்லாம் அங்க. திரும்பி ஓட்டிட்டு வந்தா எதுக்கு எது குட்டின்னு தெரியல. நானும் ரெண்டு நாளா ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போய் மூக்குகிட்ட காட்டினேன். சிலது சேந்துச்சு. ஒம்பதோ பத்தோ சேரவே இல்ல.”

“அது பனிமழையில செத்தது. அன்னைக்கு ராத்திரி பனிமழை.”

“பனிமழை பேஞ்சுது. வயித்துல பால் இருந்திருந்தா அது தாங்கியிருக்கும்.”

காற்று புல்லைத் தடவிக்கொண்டு வந்து வண்டியின் கீழே புகுந்தது. பெயோ தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றினான். அதை உறையில் போட முயன்றான். உறையின் வாய் அகப்படவில்லை. அவள் உதவிக்கு வரவில்லை. அதற்காக அவன் உள்ளுக்குள் நன்றி சொன்னான்.

“நரிய வேலியில தொங்கவிடறீங்க, எல்லாரும் எண்ணுறாங்க” என்றாள் அவள். “தாய் சேராத குட்டிய யாரு தொங்கவிடறா?”

“ஏன் அப்பவே சொல்லல?”

அவள் பதில் சொல்ல மாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். சூரியன் மேட்டைத் தாண்டி வந்து உறைபனியின்மேல் விழும்வரை இருவரும் நின்றார்கள்.

“உன் கை அப்ப ஆட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆயிருந்துச்சு” என்றாள் மாதலேன். “அதுதான் நீ சுடற கடைசி நல்ல சூடா இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. அத உன்கிட்டேர்ந்து பிடுங்க எனக்கு மனசு வரல.”

பிறகு அவள் செத்த குட்டி ஒன்றைத் தேடிப் போனாள். இரவில் மூச்சில்லாமல் பிறந்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத ஒன்றுக்குச் சட்டைபோலப் போட்டுவிட்டால், செத்த குட்டியின் தாய் தன் வாசனை என்று அதற்குப் பால் கொடுத்துவிடும். கத்தியால் தோலில் கால்களுக்கு நான்கு ஓட்டை போடுவதைப் பெயோ வண்டியருகில் நின்றே பார்த்தான். அவள் இடது கை நிதானமாக வேலை செய்தது. அந்தக் கைக்கு எது தேவை என்று ஒருநாளாவது யோசித்தோமா என்று பார்த்தான். முந்நூறு கஜம் அவள் கேட்டதே இல்லை. அது அவனுடைய தூரம். தன் கையிலிருந்து நழுவிய அந்தத் தூரத்தைக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி, அவள் தோளில் மாட்டியிருக்கிறான்.

மறுநாள் தனியாக ஊருக்குப் போனான்.

“என்ன, அதுக்குள்ள தேஞ்சுபோச்சா?” என்றான் ஹார்லன்.

“மேக்னத்தக் குடு. இத எடுத்துக்க.”

“ஒரு வாரத்துல நூறு டாலர் தேஞ்சிருக்கும், பரவாயில்லையா? யோசிச்சுக்க. அது கிட்டத்துல நிக்கணும். எலும்புல பட்டா நரி சிரிச்சுட்டுப் போயிரும். நேரா வச்சாத்தான்.”

“கிட்ட வர்ற வரைக்கும் இருப்பா.”

“நரி வரணுமே.”

“வரும். எந்த வழியா வரும்னு எனக்குத் தெரியும்.”

இதைச் சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே பட்டது. நரி மேட்டில் தெரிகிறது, எல்லாரும் மேட்டையே பார்க்கிறார்கள். ஆனால் பள்ளத்துக்குள் இறங்க அதற்கு ஒரே வழி, பழைய ஓடை அறுத்துப்போன வாய்க்கால். சுடும் காலத்தில் அவன் அதைப் பற்றி நினைத்ததில்லை. முந்நூறு கஜம் சுடுகிறவனுக்கு நரியின் வழி தேவைப்படவில்லை.

வாய்க்கால் ஓரத்தில், காற்று எதிரே வரும் பக்கமாக, சேஜ் என்னும் சாம்பல்நிறப் புதர்களுக்குள் ஓரிடத்தை அவளுக்குக் காட்டினான். கல்லை அகற்றிக் கம்பளியை விரித்தான். படுத்துப் பார்த்தான். எழுந்து அவளைப் படுக்கச் சொன்னான். “அந்த வெள்ளைக் கல்லு அம்பது கஜம். இந்தப் பக்கம் சாஞ்ச கட்டை எண்பது. அதுக்கு மேல இருந்தா விட்டுரு.”

“விட்டுருவேன்” என்றாள். “நீ அங்க நின்னு கைய ஆட்டி வித்தை காட்டாத, போதும்.”

“கை தானா ஆடுது. நான் என்ன பண்ண.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தக் கையைப் பற்றி அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சில காலைகள் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் வந்தது, ஆனால் தொலைவிலேயே திரும்பிவிட்டது. அவள் சுடவில்லை. பெயோ சினையாடுகளை நகர்த்தும் வேலையைத் தானே செய்தான். நடக்க முடிந்தது. மெதுவாக நடப்பதற்குக் கை நடுங்கினால் என்ன. வேலை முடிந்ததும் பள்ளத்தின் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, ஏறுபடியில் உட்கார்ந்து கிடப்பான்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பத்தடி தள்ளி இளம் ஆடு ஒன்று முதல் ஈற்றில் இருந்தது. ஒரு குட்டி விழுந்துவிட்டது. அதை நக்குவதா, மறுபடி வருகிற வலியைக் கவனிப்பதா என்று தெரியாமல் எழுவதும் படுப்பதுமாக இருந்தது. குட்டி எழுந்து நின்று, பின்னங்கால் விரிந்து, மூக்குக் குப்புற விழுந்தது. பெயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அப்போது வாய்க்கால் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் பலகையைக் கீழே போட்டதுபோல, அவ்வளவுதான்.

ஆடுகள் தலையைத் தூக்கின. பள்ளத்தாக்கு முழுவதும் காதுகள் ஒரே பக்கம் திரும்பின. இளம் ஆடும் நக்குவதை நிறுத்தியது. பெயோ அசையவில்லை. இரண்டாவது சத்தம் வரவில்லை. ஒரு கிழட்டு ஆடு முதலில் தலையைக் கவிழ்த்துப் புல்லைக் கடித்தது. அதைப் பார்த்து மற்றவை. இளம் ஆடு குனிந்து, குட்டியின் முதுகில் விட்ட இடத்திலிருந்து மறுபடி நக்கத் தொடங்கியது.

மேல் ரோட்டில் கிராசியனின் வண்டி வந்து நின்றது. சன்னலை இறக்கினான். “சத்தம் கேட்டுச்சே. விழுந்துச்சா?”

“தெரியல.”

“தெரியலையா? எந்தப் பக்கம் ஓடுச்சு?”

“நான் பாக்கல.”

“நரியப் பாக்காம வேற என்னத்தடா பாத்துட்டிருந்த?”

பெயோ உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினான். கிராசியன் தம்பியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியைச் சரிவில் எஞ்சினைப் போடாமலே உருளவிட்டான்.

மாதலேன் வாய்க்காலிலிருந்து ஏறி, ஆடுகளைச் சுற்றிக்கொண்டு, ஓரமாக நடந்து வந்தாள். துப்பாக்கியின் வளையம் திறந்திருந்தது. முழங்கைகளிலும் வயிற்றிலும் மண். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். இளம் ஆடு கழுத்தை நீட்டி முக்கியது. இரண்டாவது குட்டி மஞ்சள் சவ்வோடு வழுக்கி விழுந்து தும்மியது.

“வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்துல கிடக்கு” என்றாள் மாதலேன் தாழ்ந்த குரலில். “போய்ப் பாக்கறியா?”

“அப்புறம் பாக்கலாம்” என்றான் பெயோ. “இவ இன்னும் ரெண்டாவத மோந்து பாக்கல.”